அழும்போது மட்டும் கழுத்தில் எழும் வீக்கம்: குழந்தைகளின் ஜுகுலர் சிரை விரிவு

ஆறு வயது மகன் கத்தும்போதும் அழும்போதும் வலப்பக்கக் கழுத்தில், காறை எலும்புக்குச் சற்று மேலே, இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு வீக்கம் எழுகிறது, அமைதியானதும் இருந்த இடம் தெரியாமல் மறைந்துவிடுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். முதலில் பார்த்தவர் நெறிக்கட்டி என்றார், பிறகு எடுத்த ஸ்கேனில் ‘வலது உள் ஜுகுலர் சிரை ஃப்ளெபெக்டேசியா’ என்று, அதாவது கழுத்தின் பெரிய சிரை ஒன்று விரிந்திருக்கிறது என்று வந்திருக்கிறது. அறுவை சிகிச்சை செய்ய வேண்டுமா என்பது உங்கள் கேள்வி. ஆனால் நீங்கள் உண்மையில் அஞ்சுவது வேறு இரண்டு விஷயங்களுக்கு: இது என்றாவது வெடித்துவிடுமா, உள்ளே வேறு ஏதாவது பெரிய நோய் ஒளிந்திருக்கிறதா. முதலாவதற்கு அநேகமாக அஞ்ச வேண்டியதில்லை. இரண்டாவதை ஒழுங்காக எடுத்த ஒரு ஸ்கேனும் கவனமான ஒரு பரிசோதனையும் பெரும்பாலும் தீர்த்துவிடும். அறுவை சிகிச்சை மிகச் சில குழந்தைகளுக்கே தேவைப்படுகிறது. உங்கள் மகனை நேரில் பார்க்காமல், படங்களைப் பார்க்காமல் எழுதுகிறேன். ஆகவே இது அவனுக்கான தீர்ப்பு அல்ல. அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது எதைக் கேட்பது, எதற்குக் கவலைப்படுவது என்பதற்கு இது உதவும்.

கழுத்தின் இரு பக்கமும் ஆழத்தில், கரோட்டிட் தமனியை ஒட்டி ஓடும் பெரிய சிரைதான் உள் ஜுகுலர். மூளையிலிருந்தும் முகத்திலிருந்தும் வரும் இரத்தம் இதன் வழியே இறங்கி, காறை எலும்பின் உள்முனைக்குப் பின்னால் கையிலிருந்து வரும் சிரையோடு சேர்ந்து மார்புக்குள் போகிறது. தமனிக்கு இருப்பது போன்ற தடித்த சுவர் இதற்கு இல்லை, உள்ளே அழுத்தமும் குறைவு. குழந்தை வீறிட்டு அழும்போது, முக்கும்போது, இருமும்போது மார்புக்குள் அழுத்தம் சட்டென்று ஏறுகிறது. மேலிருந்து வரும் இரத்தம் உள்ளே இறங்க முடியாமல் கழுத்திலேயே தேங்கி மெல்லிய சுவரை விரிக்கிறது. மூச்சு விட்டதும் தேங்கியது வடிந்து, சிரை பழைய அளவுக்கு வந்துவிடுகிறது. இது எல்லாருக்கும் நடப்பதுதான். உச்சஸ்தாயியில் பாடுகிறவரின் கழுத்தைப் பார்த்தாலே தெரியும். ஃப்ளெபெக்டேசியா உள்ள குழந்தைக்கு அதே விரிவு, அதே இடத்தில், மற்றவர்களைவிட மிக அதிகமாக நடக்கிறது. கால்களில் வரும் சுருள்சிரை போல இது நெளிந்து முறுக்கிக்கொள்வதில்லை. ஒரு பகுதி மட்டும் நூல் நூற்கும் கதிர் போல, நடுவில் பருத்து, நேராக அகலும். வெடித்துவிடும் என்ற பயத்துக்கான பதிலும் இதிலேயே இருக்கிறது. தமனி வீக்கங்கள் வெடிப்பது உள்ளே இருக்கும் உயர் அழுத்தத்தால். சிரைக்குள் அந்த அழுத்தம் கிடையாது. குழந்தைகளிடம் இது தானாக வெடிக்கும் என்று அஞ்சுவதற்கு, வெளியான நோயாளர் விவரங்களில் ஆதாரம் இல்லை.

ஏன் சில குழந்தைகளுக்கு மட்டும் வருகிறது என்ற இடத்தில் உறுதியானதையும் ஊகத்தையும் பிரித்துத்தான் சொல்ல வேண்டும். வலப்பக்கம்தான் அதிகம், ஆண் குழந்தைகளிடம் அதிகம், பெரும்பாலும் பள்ளி வயதிலோ அதற்குச் சற்று முன்போ கண்ணில் படுகிறது, உள் ஜுகுலர் சிரையே முதலிடம், தோலுக்கு அருகே ஓடும் வெளி ஜுகுலர், முன் ஜுகுலர் சிரைகள் அதற்கு அடுத்துத்தான்: இவ்வளவும் பல நாட்டு மருத்துவர்கள் திரும்பத் திரும்பக் கண்டவை. காரணம் என்று சொல்லப்படுபவை எல்லாம் இன்னும் விளக்கங்கள்தான். வலப்பக்கச் சிரை இதயத்துக்கு ஏறக்குறைய நேர்கோட்டில் இறங்குகிறது, வலது நுரையீரலின் உச்சி அதன் தொடர்ச்சியான சிரையை ஒட்டியிருக்கிறது, அதனால் மார்பு அழுத்தம் நேரடியாக மேலே கடத்தப்படுகிறது என்பது ஒரு விளக்கம். காறை எலும்புக்குச் சற்று மேலே இந்தச் சிரைக்கு ஒரு வால்வு உண்டு, அது சரியாக மூடாமல் இரத்தம் திரும்பி ஏறுகிறது என்பது இன்னொன்று. சுவரின் மீள்நார்கள் பிறவியிலேயே மெலிந்தவை என்பது மூன்றாவது. அகற்றப்பட்ட சில சிரைகளை நுண்ணோக்கியில் பார்த்தபோது அப்படித்தான் இருந்தன. வேறு சிலவற்றில் சுவர் இயல்பாகவே இருந்தது. என் கணிப்பில், ஒரே காரணத்தைத் தேடுவதே தவறு. எல்லாக் குழந்தைகளுக்கும் இது ஒரே வழியில் வருவதாகத் தோன்றவில்லை. தாமிரத்தை உடல் கையாள முடியாத மென்கீஸ் என்ற பரம்பரை நோயில் இத்தகைய விரிவு காணப்படுவது உண்டு. ஆனால் அந்தக் குழந்தைகள் கைக்குழந்தைப் பருவத்திலேயே வளர்ச்சி தடைப்பட்டு, முறுக்கிய முடியோடு, வலிப்போடு இருப்பார்கள். ஓடியாடிப் பள்ளிக்குப் போகும் ஆறு வயதுப் பையனுக்கு அந்தச் சோதனை தேவையில்லை. பெற்றோர்கள் தங்களையே நொந்துகொள்ளும் ஒரு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். அழுகை இதை வெளிக்காட்டுகிறது. அழவிட்டதால் உண்டானது என்பதற்கு ஆதாரம் கிடையாது.

அடுத்து, இதை வேறு எதோடு குழப்பிக்கொள்ள முடியும் என்று பார்க்க வேண்டும். நெறிக்கட்டி அழுதாலும் சிரித்தாலும் அதே அளவில்தான் இருக்கும், விரலுக்குத் தனியாக உருளும். பிறவி நிணநீர்க் கட்டி மென்மையாக, சில சமயம் பெரிதாக இருக்கும். முக்கினால் கொஞ்சம் துருத்தலாம், ஆனால் அமைதியில் முழுவதும் மறையாது. கருவில் கழுத்து உருவாகும்போது மிஞ்சிய திசுவிலிருந்து வரும் கிளைப்பிளவுக் கட்டியும் அப்படியே, எப்போதும் இருக்கும். நாக்கை நீட்டும்போது மேலேறும் நடுக்கழுத்துக் கட்டி என்றால் அது தைராய்டு வழித்தடக் கட்டி. முக்கும்போது மட்டும் எழுந்து, பிறகு சுவடில்லாமல் மறையும் வீக்கங்கள் மிகச் சில. சிரை விரிவு, குரல்வளையிலிருந்து துருத்தும் காற்றுப்பை, நுரையீரல் உச்சி கழுத்துக்குள் எட்டிப்பார்ப்பது, மார்பின் மேற்பகுதியில் உள்ள கட்டி அழுத்தத்தில் மேலே தள்ளப்படுவது ஆகியவைதான் பட்டியலில் முக்கியமானவை. காற்றுப்பை குழந்தைகளிடம் அரிது, குரல் கரகரக்கும், எக்ஸ்ரேயில் காற்றாகவே தெரியும். நுரையீரல் உச்சியும் காற்றுதான். ஆகவே வீக்கத்துக்குள் இருப்பது இரத்தமா, காற்றா, திசுவா என்று தெரிந்துவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். அதற்கு அல்ட்ராசவுண்ட் போதும்.

ஸ்கேனுக்கு முன்னால் நீங்களே செய்யக்கூடிய மிகப் பயனுள்ள வேலை, கைப்பேசியில் ஒரு வீடியோ எடுப்பது. மருத்துவர் முன்னால் குழந்தைகள் பெரும்பாலும் வாயை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள், வீக்கம் எழவே எழாது. சட்டையைக் கழற்றி, இரு காறை எலும்புகளும் தாடையும் ஒரே சட்டத்தில் வரும்படி, நல்ல வெளிச்சத்தில் எடுங்கள். முதலில் அமைதியாக உட்கார்ந்திருப்பதை பத்து விநாடி, பிறகு பலூன் ஊதுவதையோ, கட்டைவிரலை வாயில் வைத்துக் காற்று வெளியேறாமல் ஊதுவதையோ சில விநாடிகள், அதன் பிறகு வீக்கம் எவ்வளவு நேரத்தில் அடங்குகிறது என்பது. படுத்த நிலையிலும் ஒன்று எடுங்கள். இடத்தையும் கவனியுங்கள். காதுக்குப் பின்னாலிருந்து மார்பெலும்புக்கு இறங்கும் தடித்த தசையின் கீழ்முனை அருகே, ஆழத்திலிருந்து எழுந்தால் உள் ஜுகுலர். அந்தத் தசைக்கு மேலே, தோலுக்கு அடியில், குறுக்காகக் கயிறு போல் ஓடினால் வெளி ஜுகுலர். நடுக்கோட்டுக்கு அருகில் என்றால் முன் ஜுகுலர். இதற்காகக் குழந்தையை வேண்டுமென்றே அழவைக்காதீர்கள். வீக்கத்தை அமுக்கி அமுக்கிப் பார்ப்பதும், எண்ணெய் தேய்த்து உருவுவதும் வேண்டாம். அதனால் சிரை சுருங்காது, அருகில் இருக்கும் கரோட்டிட் தமனியை அழுத்தினால் நாடித்துடிப்பு குறைந்து மயக்கம்கூட வரலாம்.

இரத்த ஓட்டத்தை நிறங்களாகக் காட்டும் அல்ட்ராசவுண்டான டாப்ளர் ஸ்கேன்தான் இதற்கான முதன்மைச் சோதனை. கதிர்வீச்சு இல்லை, ஊசி இல்லை, மயக்க மருந்து இல்லை. ஆனால் எடுக்கும் விதத்தில் பிழைகள் நிறைய நேர்கின்றன. குழந்தை தூங்கும்போது மட்டும் எடுத்தால் சிரை இயல்பாகத் தெரியும், ‘குறையில்லை’ என்று அறிக்கை வரும். ஸ்கேன் கருவியைக் கழுத்தில் கொஞ்சம் அழுத்திப் பிடித்தாலே சிரை நசுங்கிவிடும். ஜெல்லைத் தாராளமாகப் பூசி, கருவி தோலில் பட்டும் படாமலும் இருக்க வேண்டும். தலையை ஒரு பக்கம் முழுவதும் திருப்பினால் விட்டமும் வடிவமும் மாறும், ஆகவே ஏறக்குறைய நேராக வைக்க வேண்டும். இரு பக்கமும், கழுத்தின் ஒரே மட்டத்தில், அமைதியிலும் முக்கும்போதும் என நான்கு அளவுகள் வேண்டும். குழந்தையின் படுக்கை மட்டமா, தலை உயர்த்தப்பட்டதா என்பதையும் குறிக்க வேண்டும், ஏனென்றால் மட்டமாகப் படுத்தால் யாருக்கும் இந்தச் சிரை நிறைந்துதான் இருக்கும். அளவுகளோடு இன்னும் மூன்றைப் பார்க்க வேண்டும். லேசாக அழுத்தினால் சிரை முழுவதும் நசுங்குகிறதா, அதாவது உள்ளே இரத்த உறைகட்டி இல்லையா. இரத்தம் இதயத்தை நோக்கித்தான் ஓடுகிறதா. விரிந்த பகுதிக்குக் கீழே எங்காவது குறுகலோ அடைப்போ இருக்கிறதா. உங்கள் அறிக்கையில் ஒரே ஓர் அளவு மட்டும் இருந்து, எந்த நிலையில் எடுத்தது என்று குறிப்பு இல்லாவிட்டால், அதை முழுமையான அறிக்கையாக நான் எடுத்துக்கொள்ள மாட்டேன்.

எவ்வளவு விட்டம் இருந்தால் அது நோய் என்பதற்கு உலகம் முழுவதும் ஒப்புக்கொண்ட எல்லைக்கோடு கிடையாது. முக்கும்போது, முன்னிருந்து பின்னாக அளந்த விட்டம் 15 மில்லிமீட்டரைத் தாண்டினால் ஃப்ளெபெக்டேசியா எனலாம் என்று சிலர் சொல்கிறார்கள். ஆனால் வயது, உடல்வாகு, எவ்வளவு பலமாக முக்கினான், எந்த மட்டத்தில் அளந்தார்கள் என்பதை வைத்து எண் மாறிவிடும். வலது சிரை இடதைவிட ஓரளவு பெரிதாக இருப்பது பெரும்பாலானவர்களுக்கு இயல்பு. ஆகவே முதல் ஸ்கேனில் 16, அடுத்ததில் 18 என்று வந்தால் இரண்டு மில்லிமீட்டர் வளர்ந்துவிட்டது என்று உடனே கலங்க வேண்டாம். இரண்டு முறையும் ஒரே பலத்தோடு முக்கியிருக்க வாய்ப்பில்லை. அமைதி நிலை அளவும், கண்ணுக்குத் தெரியும் வீக்கமும், புதிதாகத் தோன்றும் தொல்லைகளும்தான் நம்பகமான வழிகாட்டிகள்.

டாப்ளரில் படம் தெளிவாக இருந்து, குழந்தை நலமாக இருந்தால், மார்பு எக்ஸ்ரே ஒன்றைத் தவிர வேறு சோதனைகள் பெரும்பாலும் தேவையில்லை. எக்ஸ்ரேகூட, மார்பின் மேற்பகுதியில் கட்டி இல்லை என்று உறுதி செய்யத்தான். சி.டி. ஸ்கேன் கூடுதலாகச் சொல்வது குறைவு, அதற்காகக் குழந்தை ஏற்கும் கதிர்வீச்சு கணிசம். இடப்பக்க விரிவு, இரு பக்கமும் விரிவு, அமைதியிலும் விரிவு, அல்லது கீழே அடைப்பு என்று சந்தேகம் இருந்தால் எம்.ஆர்.ஐ. சிரைப்படம் எடுப்பது நியாயம். இடப்பக்கச் சிரையின் தொடர்ச்சி மார்பெலும்புக்கும் பெருந்தமனியின் கிளைகளுக்கும் நடுவே குறுக்காகப் போவதால், அங்கே நசுங்குகிறதா என்று பார்ப்பதில் பொருள் உண்டு. எந்த நிலையிலும் செய்யக் கூடாத ஒன்று, வீக்கம் எதுவென்று தெரியாமல் ஊசி போட்டு உறிஞ்சிப் பார்ப்பது. நெறிக்கட்டி என்று நினைத்து ஊசி குத்தப்படும் ஆபத்து உங்கள் மகனின் கதையில் இருந்தது, அதனால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன்.

இதுவரை சொன்ன ஆறுதல் எல்லாம், அமைதியில் முழுவதும் மறையும் வீக்கத்துக்கு மட்டும் பொருந்தும். நிமிர்ந்து அமைதியாக உட்கார்ந்திருக்கும்போதும் கழுத்துச் சிரைகள் புடைத்தபடியே இருந்தால் கேள்வியே வேறு. அரை சாய்வில், சுமார் 45 பாகையில் இருக்கும்போது, கழுத்துச் சிரையின் இரத்த மட்டம் மார்பெலும்பின் மேற்பகுதியில் தட்டுப்படும் மேட்டிலிருந்து செங்குத்தாக 3 சென்டிமீட்டருக்கு மேல் நிற்பது இயல்பல்ல. இதயம் தளர்ந்திருக்கலாம், இதயத்தைச் சுற்றி நீர் கோத்திருக்கலாம், அல்லது தலை, கைகளின் இரத்தத்தை இதயத்துக்குக் கொண்டுவரும் மேற்பெருஞ்சிரையை மார்புக்குள் ஏதோ அழுத்தலாம். கைக்குழந்தைகளுக்குக் கழுத்து குட்டையாக, சதைப்பற்றாக இருப்பதால் இந்த அளவீடு பயன்படாது. அவர்களிடம் கல்லீரல் பெரிதாவது, பால் குடிக்கும்போது வியர்ப்பது, மூச்சு வாங்குவது ஆகியவையே இதயத் தளர்ச்சியைச் சொல்லும். பச்சிளங்குழந்தையின் கழுத்துச் சிரைகள் துடித்தபடி விரிந்து, மூச்சுத் திணறலும் இருந்தால், தலைக்குள் தமனியும் சிரையும் நேரடியாக இணைந்த பிறவிக் கோளாறு இருக்கிறதா என்று தலை ஸ்கேன் எடுக்க வேண்டும்.

பெரிய குழந்தைக்கு முகமும் கண்ணிமையும் காலையில் உப்பி, மார்புத் தோலில் சிரைகள் புதிதாகத் தெரிந்து, படுத்தால் இருமலோ மூச்சுத் திணறலோ வந்தால், அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். மார்புக்குள் வளரும் லிம்ஃபோமா (நிணநீர்ப் புற்றுநோய்) போன்ற கட்டி இப்படித்தான் வெளிப்படும். அத்தகைய குழந்தையை ஸ்கேனுக்காக மட்டமாகப் படுக்கவைப்பதும் தூக்க மருந்து கொடுப்பதும் மூச்சுப்பாதையை அடைத்துவிடலாம். உட்கார வைத்தே தூக்கிச் செல்லுங்கள், ‘படுத்தால் மூச்சு முட்டுகிறது’ என்ற வாக்கியத்தை முதலில் சொல்லுங்கள். தொண்டை வலிக்குப் பிறகு அதிகக் காய்ச்சல், குளிர்நடுக்கம், கழுத்தின் ஒரு பக்கம் தொட முடியாத வலி என்றால் அது ஜுகுலர் சிரையில் கிருமித்தொற்றோடு இரத்தம் உறைவதாக இருக்கலாம். அதுவும் அவசரம்தான். ஏற்கெனவே விரிவு இருக்கும் குழந்தைக்கு வீக்கம் திடீரென்று கெட்டியாகி, அடங்காமல், வலித்தால் உள்ளே உறைகட்டி உண்டாகியிருக்கலாம். இது அரிது, ஆனால் காத்திருக்கக் கூடாது. கை வைத்தால் அதிர்வு உணரப்பட்டால் தமனியோடு இணைப்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

இப்போது சிகிச்சை. தொல்லை எதுவும் இல்லாத குழந்தைக்குக் கண்காணிப்புதான் சரியான வழி என்பதில் இன்று பெரிய கருத்து வேறுபாடு இல்லை. எத்தனை மாதத்துக்கு ஒரு முறை ஸ்கேன் என்பதில் ஒத்த கருத்து இல்லை. முதல் ஆண்டில் ஆறு மாதத்துக்கு ஒரு முறை, மாற்றம் இல்லாவிட்டால் பிறகு ஆண்டுக்கு ஒரு முறை என்பது எனக்குப் போதுமானதாகத் தோன்றுகிறது. விரிவு தானாக மறைந்துபோகும் என்று வாக்குத் தர முடியாது. பெரும்பாலும் அப்படியே நிலைத்திருக்கும், சிலருக்கு வளர வளர ஓரளவு கூடும். சிரையைச் சுருக்கும் மாத்திரை எதுவும் இல்லை.

உறைகட்டி, வலி, விழுங்கும்போது இடைஞ்சல், தொடர்ந்து பெரிதாவது, அல்லது தோற்றத்தால் குழந்தை உண்மையிலேயே மனம் வருந்துவது ஆகியவை அறுவை சிகிச்சையைப் பற்றிப் பேசுவதற்கான காரணங்கள். வெளி ஜுகுலரோ முன் ஜுகுலரோ என்றால் முனைகளைக் கட்டிச் சிரையை அகற்றிவிடலாம், இழப்பு எதுவும் இல்லை. உள் ஜுகுலர் அப்படியல்ல. பெரும்பாலானவர்களுக்கு மூளையின் இரத்தம் வலப்பக்கமாகத்தான் அதிகம் வடிகிறது. அந்த வழியை மூடிவிட்டு இடப்பக்கம் போதாமல் போனால் முகம் வீங்கலாம், மூளையில் நீர்க்கோப்பு வரலாம். அதனால் மறுபக்கச் சிரை திறந்து, நல்ல அளவில் இருக்கிறதா என்று முன்கூட்டியே பார்த்தே ஆக வேண்டும். இரண்டையும் ஒருசேரக் கட்டக் கூடாது. கட்டாமல், விரிந்த பகுதியைச் சுற்றிச் செயற்கை உறை பொருத்துவது, அல்லது நீளவாக்கில் தையலிட்டுக் குறுக்குவது என்ற முறைகளும் உண்டு. அவை சிரையைக் காப்பாற்றுகின்றன, ஆனால் செய்யப்பட்ட குழந்தைகளின் எண்ணிக்கை சிறியது, பல பத்தாண்டு விளைவை வைத்து எது சிறந்தது என்று சொல்லுமளவுக்கு அனுபவம் சேரவில்லை. தோற்றத்துக்காக மட்டும் செய்யச் சொல்லும் பெற்றோர்களிடம் நான் ஒன்றைக் கேட்பேன். இப்போது கத்தும்போது மட்டும் தெரிகிற ஒன்றை அகற்றி, எப்போதும் தெரியும் தழும்பை வாங்கிக்கொள்ள வேண்டுமா? அவன் வளர்ந்து தானே முடிவெடுக்கும் வரை காத்திருப்பதால் பெரும்பாலும் எதுவும் கெட்டுப்போகாது.

அன்றாட வாழ்வில், ஓட்டம், நீச்சல், பந்து விளையாட்டு எதையும் நிறுத்த வேண்டியதில்லை. பாட்டு வகுப்பை நிறுத்தச் சொல்வதற்கும் ஆதாரம் இல்லை. மூச்சை அடக்கிக் கனமான எடை தூக்குவதை மட்டும் தள்ளிவைக்கச் சொல்வது வழக்கம். அதுவும் எச்சரிக்கைதானே தவிர நிரூபிக்கப்பட்ட விதி இல்லை. மலச்சிக்கலையும் நாள்பட்ட இருமலையும் கவனித்துச் சரிசெய்யுங்கள், அதனால் சிரை குறுகாது, ஆனால் வீக்கம் எழும் தருணங்கள் குறையும். வகுப்பு ஆசிரியரிடம் இரண்டு வரியில் சொல்லிவைத்தால், விளையாட்டு மைதானத்தில் வீக்கத்தைப் பார்த்துப் பதற மாட்டார்கள்.

கடைசியாக ஒன்று. ஸ்கேன் அறிக்கையின் நகலை அவனுடைய மருத்துவக் கோப்பில் நிரந்தரமாக வையுங்கள். பிற்காலத்தில் எந்தக் காரணத்துக்காகவாவது அறுவை அரங்கிலோ தீவிர சிகிச்சைப் பிரிவிலோ கழுத்துச் சிரையில் குழாய் செலுத்த நேர்ந்தால், வலது உள் ஜுகுலரைத்தான் வழக்கமாக முதலில் தேர்ந்தெடுப்பார்கள். மயக்க மருந்து நிபுணருக்கு முன்பே தெரிந்திருந்தால் வேறு சிரையை யோசிப்பார், அல்லது ஸ்கேன் பார்த்தபடி செலுத்துவார்.